இருபது வருட வீட்டுக் கணக்கை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுபோவது

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய கணவர் 2004ஆம் ஆண்டிலிருந்து வீட்டுக் கணக்கு முழுவதையும் மைக்ரோசொஃப்ட் மணியில் எழுதி வந்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். அந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காது. மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன் என்கிறான். யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகளில் விசாரித்தபோது, "லினக்ஸ் போட்டால் பழைய கணக்கெல்லாம் போய்விடும், புதுக் கணினி வாங்குங்கள்" என்றார்களாம். வங்கிகளில் ஆறேழு கணக்குகள், நிலையான வைப்புகள், ஒரு டொலர் கணக்கு, இவற்றோடு எக்செலில் தமிழில் எழுதிய சில பட்டியல்கள். "அவர் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் வருமா?" என்று முடித்திருக்கிறார்.

வரும், அக்கா. குறிப்புகளும் வரும். கணக்குப் பார்ப்பதுதான் என் தொழில். என் சொந்தக் கணக்கையும் இதே வழியில் மாற்றியிருக்கிறேன். ஆறுதலாகச் செய்தால் ஒன்றும் தொலையாது. அவசரப்பட்டால் தொலைந்ததே தெரியாமல் தொலையும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லினக்ஸுக்கு மைக்ரோசொஃப்ட் மணி வராது. அந்த நிரலின் விற்பனையை மைக்ரோசொஃப்ட் 2009இல் நிறுத்தி, 2010இல் "சன்செட்" என்ற பெயரில் கடைசிப் பதிப்பொன்றை இலவசமாக விட்டது. அத்தோடு அதன் கதை முடிந்தது. ஆகவே நீங்கள் கொண்டுபோகப் போவது நிரலை அல்ல, அதற்குள் இருக்கும் பேரேட்டை. பழைய கடைகளில் பேரேடு நிரம்பினால் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு கணக்கின் மீதியையும் இறக்கி, புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஏற்றி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதைக் கட்டி வைப்பார்கள். இங்கேயும் அதே வேலைதான். எந்த நிரல், எந்தப் பொத்தான் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒவ்வொரு கணக்கின் மீதியும் அங்கேயும் இங்கேயும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலில் அவசரத்தைக் குறையுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது உண்மைதான். ஆனால் அதன் பிறகும் கணினி வேலை செய்யும். இணையத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் கணினியில் இந்த வேலைக்காக மாத்திரம் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் பாதகமில்லை. மகனிடம் சொல்லுங்கள், கணக்கு வெளியே வந்து சரிபார்த்து முடியும் வரை அந்த ஹார்ட் டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது. லினக்ஸை வேறு ஒரு டிஸ்க்கில் போடட்டும். சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கினால் போதும். புதுக் கணினி தேவையில்லை.

கோப்பை இப்போதே பிரதி எடுங்கள். மணியின் கோப்பு எம்என்வை என்று முடியும். அதன் காப்புப் பிரதி எம்பிஎஃப் என்று முடியும். இரண்டையும் இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற வீடுகளில் உப்புக் காற்று எந்த மின்சாதனத்தையும் மெல்ல மெல்லத் தின்னும். என் மேசைக் கணினியின் டிஸ்க் 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போன நாட்களில், நின்று நின்று வந்த கரண்டில் செத்தது. பிரதி இருந்தபடியால் தப்பினேன். கோப்புக்குக் கடவுச்சொல் இருந்தால், நிரலைத் திறந்து அதை எடுத்துவிட்ட இன்னொரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கிற சொல் நாளைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இனி, எதையும் ஏற்றுமதி செய்யும் முன் ஒரு வேலை இருக்கிறது. இதைத் தவிர்க்காதீர்கள். மணியில் கணக்கு மீதிகளுக்கான அறிக்கையைத் திறந்து, ஒரு திகதியைக் குறித்து, அன்றைக்கு ஒவ்வொரு கணக்கிலும் எவ்வளவு இருந்தது என்பதை அச்செடுங்கள். எங்களுடைய வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால், கடைசி மார்ச் 31 நல்ல திகதி. அதுபோல 2010 மார்ச் 31, 2018 மார்ச் 31 என்று நடுவில் இரண்டு திகதிகளுக்கும் எடுங்கள். மூடிய கணக்குகளையும் காட்டும்படி அறிக்கையை மாற்ற மறக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு இது ஐந்தொகை. அந்த மூன்று தாள்களும்தான் உங்கள் சாட்சி. பிறகு புது நிரல் எந்த எண்ணைக் காட்டினாலும், அதை இந்தத் தாளோடு வைத்துத்தான் நம்புவதா இல்லையா என்று முடிவு செய்வீர்கள்.

சரி, ஏற்றுமதி. மணியின் கோப்பை வேறு நிரல்கள் நேரடியாகத் திறக்க மாட்டா. அதிலிருந்து வெளியே வரும் வாசல் கியூஐஎஃப் என்ற கோப்பு வகை. 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு கணக்குத்தான் வரும், ஆகவே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தளர்வானது, கண்டிப்பானது என்று இரண்டு வகை கேட்கும். ஒரு சின்னக் கணக்கை இரண்டு வகையிலும் எடுத்து, எதில் செலவு வகைகளின் பெயர்கள் முழுதாக வருகின்றன என்று பார்த்துவிட்டு மற்றவற்றை அந்த வகையிலேயே எடுங்கள். மூடிய கணக்குகளையும் எடுக்க வேண்டும். 2007இல் முதிர்ந்த ஒரு வைப்பு இன்றைக்குப் பூச்சியமாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து சேமிப்புக்கு வந்த காசு சேமிப்புக் கணக்கில் பதிவாகி இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து மறு பக்கத்தை விட்டுவிட்டால், காசு போன இடத்தையும் வந்த இடத்தையும் சேர்த்தே எழுதும் இரட்டைப் பதிவு நொண்டும்.

இந்தக் கியூஐஎஃப் கோப்பு ஒன்றை நோட்பேடில் ஒரு தடவை திறந்து பாருங்கள். பயம் போய்விடும். அது வெறும் எழுத்து. ஒவ்வொரு பதிவும் ஐந்தாறு வரி. திகதிக்கு ஒரு வரி, தொகைக்கு ஒரு வரி, யாருக்குக் கொடுத்தது என்பதற்கு ஒரு வரி, காசோலை இலக்கத்துக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று, செலவு வகைக்கு ஒன்று. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அது எந்த வரி என்று சொல்லும். பதிவு முடிகிற இடத்தில் ஒரு வரியில் கூரை மாதிரி ஒரு குறி மாத்திரம் இருக்கும். அத்தான் 2009இல் ஒரு பதிவில் "கூரைத் தகடு மாற்றியது, மீதிக் கூலி அடுத்த மாதம்" என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால், அது அந்தக் குறிப்பு வரியில் அப்படியே இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலை அந்த இடத்தில் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

வகை வரியை மாத்திரம் கூர்ந்து கவனியுங்கள். சாதாரணச் செலவென்றால் 'மின்சாரம்', 'மருந்து' என்று பெயர் இருக்கும். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் காசு மாற்றியிருந்தால், அந்த இடத்தில் மற்றக் கணக்கின் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்கும். பெரும்பாலான குழப்பங்கள் இந்தச் சதுர அடைப்பில்தான் பிறக்கின்றன. சேமிப்பிலிருந்து நடைமுறைக் கணக்குக்கு 25,000 ரூபா மாற்றினீர்கள் என்று வைப்போம். சேமிப்பின் கோப்பில் 25,000 கழிந்தது என்று ஒரு பதிவு இருக்கும். நடைமுறைக் கணக்கின் கோப்பிலும் 25,000 கூடியது என்று ஒரு பதிவு இருக்கும். நடந்தது ஒன்று, எழுதியிருப்பது இரண்டு இடத்தில். புது நிரலுக்கு இது ஒரே காசுதான் என்று விளங்காவிட்டால் இரண்டையும் தனித்தனி மாற்றங்களாக எடுத்து, சேமிப்பில் 50,000 கழித்து, நடைமுறையில் 50,000 கூட்டிவிடும்.

நான் பட்டது இதைத்தான். 2022இல் என் கணக்குகளை ஒவ்வொரு கோப்பாக, ஒவ்வொரு இரவாக ஏற்றினேன். "இந்தப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா?" என்று நிரல் கேட்ட பக்கத்தை, கரண்ட் போகும் முன் முடிக்கிற அவசரத்தில் படிக்காமலே தாண்டிப் போனேன். கடைசியில் மொத்தச் சொத்து எவ்வளவு என்று பார்த்தேன். சதம் பிசகாமல் பழைய நிரலோடு ஒத்துப்போனது. முடிந்தது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து பாஸ்புக்கோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, சேமிப்பில் பல இலட்சம் குறைவு, நடைமுறையில் அதே அளவு கூட. ஒரு கணக்கில் கூடி மற்றதில் குறைந்தபடியால் மொத்தம் சரியாகவே நின்றிருக்கிறது. ஆகவே மொத்தத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மீதியைக் கணக்குக் கணக்காகப் பாருங்கள்.

இனி எந்த நிரல் என்ற கேள்வி. லினக்ஸில் மூன்று நல்ல இலவச நிரல்கள் இருக்கின்றன: குனுகாஷ், கேமைமணி, ஹோம்பேங்க். மூன்றும் கியூஐஎஃப்பைப் படிக்கும். ஹோம்பேங்க் எளிது, கைச்செலவு எழுத அழகாக இருக்கும். ஆனால் உங்களிடம் இருக்கிற அளவு வைப்புகளுக்கும் டொலர் கணக்குக்கும் அது போதாது என்பது என் எண்ணம். கேமைமணியின் தோற்றம் மணிக்குக் கிட்டியது, பழகுவது சுகம். நான் உங்களுக்குச் சொல்வது குனுகாஷ். அது இரட்டைப் பதிவிலேயே நடக்கிறது, ஒரு பக்கம் எழுதினால் மறு பக்கம் கேட்காமல் விடாது. முதல் ஒரு கிழமை அது கண்டிப்பான வாத்தியார் மாதிரித் தெரியும். பிறகு அந்தக் கண்டிப்பே பாதுகாப்பாகப் படும். இன்னொரு காரணமும் உண்டு. குனுகாஷ் லினக்ஸ், விண்டோஸ், மக் மூன்றிலும் ஓடும், மூன்றுக்கும் ஒரே கோப்புத்தான். நாளைக்கு உங்கள் மகன் மக் ஒன்று வாங்கினாலும் கோப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்தால் சரி. இப்போது படுகிற பாட்டை இன்னொரு தடவை படத் தேவையில்லை.

அதனால் ஒரு யோசனை. குனுகாஷை முதலில் உங்கள் விண்டோஸ் கணினியிலேயே போடுங்கள். மணியும் குனுகாஷும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றத்தைச் செய்து, சரிபார்த்து முடியுங்கள். அதன் பிறகு லினக்ஸுக்குப் போவது வெறும் கோப்புப் பிரதிதான். இரண்டு மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தால், பிழை வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

குனுகாஷில் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து, பெயர் வைத்துச் சேமித்து, அதற்குப் பிறகு இறக்குமதிக்குப் போங்கள். முதல் கோப்பைக் கொடுத்ததும் "இன்னொரு கோப்பு இருக்கிறதா?" என்ற பாவனையில் ஒரு பட்டியல் காட்டும். அந்த இடத்திலேயே ரூபாக் கணக்குகளின் கோப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். எல்லாம் கையில் இருந்தால்தான் சதுர அடைப்புகளை நிரல் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும். கணக்கின் பெயர் எல்லாக் கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'சேவிங்ஸ்' என்று ஒன்றிலும் 'சேவிங்ஸ் கணக்கு' என்று இன்னொன்றிலும் இருந்தால், நிரல் அதை இரண்டு கணக்கு என்றே எடுக்கும். நடுவில் வரும் பட்டியலில் இதைத் திருத்தலாம். நேரம் எடுத்தாலும் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பாருங்கள்.

திகதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 03/04/2011 என்றால் நாங்கள் ஏப்ரல் 3 என்று படிப்போம், அமெரிக்காவில் மார்ச் 4. எது நாள், எது மாதம் என்று கியூஐஎஃப் கோப்பு எங்கேயும் சொல்வதில்லை. நிரல் கேட்கும்போது ஊகித்துப் பதில் சொல்லாமல், நோட்பேடில் 12ஐ விடப் பெரிய எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் நாள். பிழையாகக் கொடுத்தால் இன்றைய மீதி சரியாகவே வரும், ஆனால் மார்ச் மாதச் செலவு ஏப்ரலுக்குப் போய் வரி ஆண்டே மாறிவிடும். நடுவில் இரண்டு திகதிகளுக்கும் மீதி எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

டொலர் கணக்கைத் தனியாக ஏற்றுங்கள். கியூஐஎஃப்பில் நாணயம் என்ற வரியே கிடையாது. 1,000 டொலரும் அதில் வெறும் 1000. ரூபாக் கணக்குகளோடு சேர்த்துக் கொடுத்தால் உங்கள் ஆயிரம் டொலர் ஆயிரம் ரூபாவாக உட்கார்ந்துவிடும். ஆகவே அதை மாத்திரம் இன்னொரு தடவை, நாணயம் அமெரிக்க டொலர் என்று தெரிவு செய்து ஏற்றவேண்டும். டொலரை மாற்றி ரூபாக் கணக்கில் போட்ட பதிவுகளை நிரலால் இணைக்க முடியாது, அவற்றைக் கையால்தான் எழுத வேண்டும். கழிந்த டொலர் எவ்வளவு, விழுந்த ரூபா எவ்வளவு என்று இரண்டையும் அந்தந்தத் திகதிக்கு எழுதினால் அன்றைய நாணய மாற்று விகிதம் தானாகவே வந்துவிடும். 2022 பெப்ரவரியில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடத்துப் பதிவுகளை இன்றைய விகிதத்தில் போட்டால் அத்தான் எந்த நாளில் எவ்வளவுக்கு மாற்றினார் என்ற வரலாறே அழிந்துவிடும். பொதுவாக இப்படிப்பட்ட பதிவுகள் ஒரு வீட்டில் ஐம்பது அறுபதுக்கு மேல் இராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நிலையான வைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வருமானம் அதிலிருந்துதான் வருகிறது. மாத வட்டி 10,000 ரூபா என்றால் முழுவதும் உங்கள் கைக்கு வருவதில்லை. 2023 ஜனவரி முதல் வங்கி அதில் 5 வீதத்தை நிறுத்திவைத்தல் வரியாகப் பிடித்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம். அதாவது முன்பு 9,500 விழுந்தது, இப்போது 9,000. ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர் இதை ஒரே பதிவுக்குள் பிரித்து எழுதுவார்: வட்டி வருமானம் 10,000, பிடித்த வரி 1,000, வங்கிக்கு வந்தது 9,000. கியூஐஎஃப்பில் இப்படிப் பிரித்தவை அடுத்தடுத்த வரிகளாக வரும், பெரும்பாலும் சரியாகவே வந்து சேரும். ஆனாலும் இறக்குமதி முடிந்ததும் 2023க்குப் பிறகு வந்த வட்டிப் பதிவுகளில் நாலைந்தைத் திறந்து, மூன்று எண்களும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிரிப்பு தொலைந்து 9,000 மாத்திரம் நின்றால், நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டு கொடுக்கும்போது உங்கள் வட்டி வருமானம் பிழையாக இருக்கும், ஏற்கெனவே பிடித்த வரியைக் கழித்துக் காட்ட உங்கள் புத்தகத்தில் எண்ணும் இராது. வங்கி தரும் வரிப் பிடித்தச் சான்றிதழ்களை எப்படியும் ஒரு கோவையில் சேர்த்து வையுங்கள்.

வருடா வருடம் புதுப்பித்த வைப்புகளுக்கு அத்தான் ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு திறந்திருந்தால், இப்போது முப்பது நாற்பது மூடிய கணக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் 'முதிர்ந்த வைப்புகள்' என்ற ஒரு தாய்க் கணக்கின் கீழ் தள்ளிவிடுங்கள். பார்வைக்கு இடைஞ்சல் இராது.

வராதவையும் உண்டு. மாதா மாதம் தானாக நினைவூட்டும் பதிவுகள், வரவு செலவுத் திட்டம், அவர் அமைத்து வைத்த அறிக்கைகள் ஆகிய மூன்றையும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். கொழும்புப் பங்குச் சந்தையில் பங்குகள் இருந்தால் அவற்றின் கோப்பை ஏற்றிப் போராடாமல், எத்தனை பங்கு, என்ன விலைக்கு வாங்கியது என்று கையால் எழுதுங்கள். பெரும்பாலும் பத்துக் கம்பனிக்கு மேல் இராது.

சரிபார்ப்பு. குனுகாஷில் ஐந்தொகை அறிக்கையை அதே மூன்று திகதிகளுக்கு எடுத்து, பழைய மூன்று தாள்களுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு அடிமட்டமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வரிவரியாகச் சரி போடுங்கள். ஒத்துவராத கணக்கில் வித்தியாசம் எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த எண்ணே பிழையைக் காட்டிக்கொடுக்கும். வித்தியாசம் 25,000 என்று உருண்டையாக வந்தால், அதே தொகைக்கு ஒரு மாற்றம் இரட்டித்திருக்கும் அல்லது விடுபட்டிருக்கும், அந்தத் தொகையைத் தேடுங்கள். வித்தியாசத்தின் சரிபாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால், அது வரவுக்குப் பதில் செலவாக விழுந்திருக்கலாம். கையால் எழுதிய டொலர்ப் பதிவுகளில் வித்தியாசம் 9ஆல் மீதியின்றிப் பிரிந்தால், 5,400ஐ 4,500 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்கக் கூடும். கணினி வருவதற்கு முந்திய கணக்கப்பிள்ளைமார் கைக்கொண்ட வழி இது, இன்றைக்கும் பொய்க்காது. எல்லாக் கணக்கும் சதத்துக்குச் சரிவந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். "பத்து ரூபாதானே" என்று விடாதீர்கள், பத்து ரூபா வித்தியாசத்துக்குள் ஆயிரம் கூடினதும் 990 குறைந்ததும் ஒளிந்திருக்கும்.

முதல் தடவையே சரிவராது. அதற்காக ஏற்றியதைத் திருத்திக்கொண்டு இருக்க வேண்டாம். அந்தக் கோப்பை அழித்துவிட்டு, என்ன பிழை என்று குறித்துக்கொண்டு, புதுக் கோப்பில் முதலிலிருந்து ஏற்றுங்கள். நான் மூன்றாவது தடவைதான் வென்றேன், மூன்றாவது தடவைக்கு எடுத்தது ஒரு மணித்தியாலம் மட்டுமே.

எக்செல் பட்டியல்கள் தனிக் கதை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா, இல்லாத கணினியில் விளங்காத ஆங்கிலம். லினக்ஸில் எக்செலுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒஃபிஸில் திறந்ததும் நகைப் பட்டியலும் சீட்டுக் கணக்கும் இப்படித் தெரிந்தால் பதறாதீர்கள். ஒன்றும் கெடவில்லை. பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பிரதி எடுத்து லினக்ஸில் நிறுவினால் பழையபடி தெரியும். பிறகு ஆறுதலாக, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யுனிகோடுக்கு மாற்றலாம். மாற்றித் தரும் இணையத்தளங்கள் இருக்கின்றன, ஆனால் நகைக் கணக்கையும் வங்கி இலக்கங்களையும் முன்பின் தெரியாத இணையப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். மகனை வைத்துக் கணினிக்குள்ளேயே மாற்றுங்கள், அல்லது திரும்ப அடியுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும்.

மணியை அப்படியே லினக்ஸில் ஓட்ட வழி இல்லையா என்று மகன் கேட்பான். வைன் என்று ஒன்று இருக்கிறது, விண்டோஸ் நிரல்கள் சிலவற்றை அது லினக்ஸில் ஓட்டும். அன்றாடக் கணக்கை அதை நம்பி எழுதச் சொல்ல மாட்டேன், ஒரு புதுப்பித்தலோடு ஓடாமல் போகலாம். பழையதைப் புரட்டிப் பார்க்க மட்டும் விண்டோஸை வேர்ச்சுவல் பொக்ஸுக்குள் (கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி ஓடும் நிரல் அது) வைத்து, இணையம் இல்லாமல், மணியை அதற்குள் போட்டு வைப்பது நல்லது. பத்து வருடத்துக்கு முந்திய ஒரு பதிவில் சந்தேகம் வந்தால் அத்தான் பார்த்த அதே திரையில் பார்க்கலாம்.

லினக்ஸிலிருந்து பழைய டிஸ்க்கைத் திறக்கும்போது "படிக்க மட்டும் முடியும்" என்று வந்தால், விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் நிற்கிறது என்று பொருள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். குனுகாஷ் கோப்பை லினக்ஸில் முதல் தடவை திறந்தபின், அதே மூன்று திகதிகளுக்கும் ஐந்தொகையை இன்னொரு தடவை பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அதன் பிறகு அடுத்த மார்ச் 31 வரைக்கும் இரண்டிலும் எழுதச் சொல்ல மாட்டேன், உங்களுக்கு அலுத்துவிடும். இரண்டு மாதம் மட்டும் இரண்டிலும் எழுதுங்கள். மாத முடிவில் வங்கியின் கூற்றோடு புது நிரலில் கணக்கிணக்கம் செய்து பாருங்கள். என் வங்கி பிடிஎஃப் மட்டும்தான் தருகிறது, அதனால் நான் கையால்தான் எழுதுகிறேன், மாதத்துக்கு அரை மணித்தியாலம் போகும். இரண்டு மாதமும் சரிவந்தால் மணியில் எழுதுவதை நிறுத்திவிடலாம்.

கடைசியாக, அந்தப் பழைய கணினியைக் கொடுத்துப் புதியது வாங்கும்படி எந்தக் கடையில் சொன்னாலும், முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிவிடுங்கள். இருபது வருட வங்கி விபரம் அதில் இருக்கிறது. ஒரு துணியில் சுற்றி, "மணி, 2004இலிருந்து" என்று எழுதி ஒட்டி, அச்செடுத்த அந்த மூன்று தாள்களையும் சேர்த்து, அலுமாரியில் காணி உறுதிகள் இருக்கிற தட்டில் வையுங்கள்.